தட்டின் சூடு

மைக்ரோஸ்கோப்பின் வெளிச்ச வட்டத்துக்குள் சுண்டெலியின் விந்தணுக்கள் கத்தரித்துப் போட்ட நூல் துணுக்குகள் மாதிரி அசையாமல் கிடக்கின்றன. ஆராய்ச்சிக்காரி கண்ணை எடுக்காமல் பார்க்கிறாள். ஆண்களுக்கான கருத்தடை மருந்து கொடுத்து விரைகளை உறங்க வைத்து, பிறகு மருந்தை நிறுத்திய எலி அது. மருந்தை நிறுத்தினால் தானாக விழித்துக்கொள்ளும் என்று ஊர் முழுக்க அடித்துச் சொன்னவள் அவள்தான். அணுக்களின் கூட்டத்துக்குக் குறைவில்லை, தலையும் வாலும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன, துடிப்புதான் இல்லை. "ஒண்ணுகூட அசையலையாடி?" என்று பக்கத்து மேஜைத் தோழி கேட்கிறாள். "எல்லாம் போச்சு" என்கிறாள் இவள். ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருக்கிறது. சுவரோரம் சார்ஜில் கிடக்கும் அவளுடைய போன் அடிக்கிறது. எடுக்கப் போன கை பாதியில் நிற்கிறது. அந்த பிளக்கில் இருக்க வேண்டியது, விந்துத் துளி வைத்த கண்ணாடிச் சில்லை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் தட்டின் வயர். காலையில் அதைப் பிடுங்கிவிட்டு சார்ஜரைச் செருகியது அவளேதான். தட்டைத் தொடுகிறாள், சில்லென்று இருக்கிறது. போன் அடித்து ஓய்கிறது. சில்லை உள்ளங்கைச் சூட்டில் கொஞ்ச நேரம் ஏந்தி நிற்கிறாள். மறுபடி லென்ஸுக்கடியில் வைக்கிறாள். ஓரத்தில் ஒரு வால் சொடுக்குகிறது. அடுத்து அதன் பக்கத்தில் இருப்பது. பிறகு வட்டம் முழுக்கக் கொதிக்கிறது, நெளிகிறது, முட்டிமோதி ஓடுகிறது. எட்டிப் பார்த்த தோழி, "நல்ல நேரம் பார்த்துத்தான் உன் போனுக்குப் பசிச்சிருக்கு" என்று அவள் முதுகில் ஒன்று வைக்கிறாள். போன் திரும்பவும் அடிக்கிறது, இந்த முறை எடுக்கிறாள். "ஏன் எடுக்கல?" என்கிறான் கணவன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொல்கிறாள்: "கொஞ்ச பேரு குளிர்ல விறைச்சுக் கிடந்தாங்க. எழுப்பிட்டிருந்தேன்."