பதினோராயிரம் பதில்கள்

"மகள், நாளைக்கு மறுநாள் நான் ஹஜ்ஜுக்குப் போறதா, இல்லாட்டி இந்தக் கம்பியூட்டர்ப் பெட்டிக்குப் பக்கத்தில ஒக்காந்து ஓதி ஊதிக்கொண்டு ஈக்கிறதா? செல்லுங்க!"

மஷூர் மேசையில் தட்டிய தட்டில் பிளேன்டீக் கோப்பை குலுங்கியது. கொட்டாஞ்சேனையில் குழாய்ச் சாமான் இறக்குமதி செய்யும் அவருடைய கந்தோரில் காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மெயில் போகவில்லை, ஒன்று வரவில்லை. பயணக் குழுக்காரர் அனுப்பிய டிக்கெட்டும் எங்கேயோ வழியில் மாட்டிக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் பொறுங்கோ சேர்," என்றாள் மயூரி. அவருடைய மெயில் சேர்வரைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். இரத்மலானையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த வேர்வை இன்னும் காயவில்லை.

"பொறுத்துப் பொறுத்து லுஹர் தொழுகைக்கும் நேரமாகப் போகுது. ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாத்தீங்களா?"

"மூண்டு தரம் பாத்திட்டன்."

"நாலாம் தரமும் பாருங்க!"

"நாப்பதாம் தரம் பாத்தாலும் இதுதான் சேர். டிஸ்க் நிரம்பிப் போச்சு. பதினோராயிரத்துச் சொச்சம் மெயில் வந்து குவிஞ்சு கிடக்குது. உங்கட டிக்கெட்டுக்கு உள்ள வர இடமில்லை."

"பதினோராயிரமா? என்ட சீவியத்தில அவ்வளவு பேர் எனக்கு எழுதல்லயே! வைரஸா?"

"இல்லை. எல்லாம் ஒரே இடத்தில இருந்து. நீங்கள் பயணம் போறதெண்டு, மெயில் போடுறவைக்குத் தன்பாட்டில ஒரு பதில் போக வைக்கச் சொன்னீங்கள்தானே? அவையளிட்டயும் அப்பிடி ஒண்டு இருக்கு. நேற்றுப் பின்னேரம் அவையள் பெருநாள் லீவு எண்டு எல்லாருக்கும் ஒரு அறிவித்தல் அனுப்பியிருக்கினம். அதுக்கு எங்கட பதில் போயிருக்கு. அதுக்கு 'உங்கள் மடல் கிடைத்தது, கவனிக்கிறோம்' எண்டு அவையின்ர மெஷின் பதில் சொல்ல, அதுக்குத் திரும்ப எங்கட பதில். விடிய விடிய ரெண்டு மெஷினும் கதைச்சுக்கொண்டே இருந்திருக்குதுகள்."

"அப்ப பிழை ஒங்கட!"

"என்ரயோ? ஆளுக்கு ஒருக்காப் போனாப் போதும் எண்டுதான் நான் முதல்ல வச்சனான். ஒவ்வொரு மெயிலுக்கும் போகோணும், இதில கஞ்சத்தனம் கூடாதெண்டு கத்தினது ஆர்?"

அதற்குள் மஷூரின் கைபேசி அடித்தது. மனைவி ஸமீமா.

"என்ன, ஸமீமா? ஓ, ஒங்கட மாமி வீட்டுக்கும் போய்ட்டுத்தான் வந்தேன். பள்ளியிலயும் எல்லார்ட்டயும் மாப்புக் கேட்டாச்சி." திடீரென்று குரல் ஏறியது. "அவர்ட்ட நான் போக மாட்டேன்! வாப்பாட பேர் போட்ட போர்டைக் கழட்டிக்கொண்டு போனவர் அவர். ஒம்பது வருஷமா என்ட மொகத்தப் பாக்காதவர். கேக்காமப் போனா ஒங்கட மனசு ஆறாதா? என்ட மனசு நல்லா ஆறும். வைங்க போனை!"

மயூரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "ஆரைச் சொல்றீங்கள், சேர்?"

"எங்கட நானாவ. ஹஜ்ஜுக்குப் போற ஆள் எல்லார்ட்டயும் மாப்புக் கேட்டுட்டுத்தான் வெளிக்கிடணும். ரோட்டு முழுக்க வீடு வீடாப் போய்க் கேட்டுட்டேன். கூடப் பொறந்தவர்ட்ட மட்டும் கேக்க நாக்கு எழும்பல்ல." பிறகு மறுபடியும் மேசையைத் தட்டினார். "அது கெடக்கட்டும். இந்த மெயில் அனுப்புற சைத்தான் யாரெண்டு பாத்தீங்களா?"

"வெள்ளவத்தையில ஒரு டைல்ஸ் கடை. பௌஸி அன் ஸன்ஸ்."

மஷூர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார். "பாத்தீங்களா! வாப்பாட பேர் போட்ட அந்தக் கடை என்ட நானாடதான்! நான் மக்காவுக்கு வெளிக்கிடுற நேரம் பாத்து என்ட யாவாரத்தப் படுக்க வெச்சீக்கார்!"

"மெஷின் செய்தது சேர், அவர் செய்யேல்லை. ஒரு போன் கோல் எடுத்து, அவையின்ர பக்கத்தையும் நிப்பாட்டச் சொல்லட்டோ?"

"இந்தக் கந்தோர்ல இருந்து அந்த நம்பருக்குக் கோல் போகாது! ப்ளொக் பண்ணுங்க. வந்த எல்லாத்தையும் அழிச்சிப் போடுங்க. ஒன்னையும் தொறந்து பாக்க வேணாம்!"

"சரி, சரி. எங்கட பதிலை நிப்பாட்டிட்டன். இப்ப அழிக்கப் போறன்..." மயூரியின் விரல் நின்றது. "இதென்ன, ஒண்டு மட்டும் பெருசா இருக்கு?"

"ஒன்னு பெருசா இருந்தா என்ன, சின்னதா இருந்தா என்ன?"

"மெஷின் எழுதினதெண்டா எல்லாம் ஒரே அளவிலதான் இருக்கும், சேர். இது ஆள் எழுதினது. இண்டைக்குக் காலம எட்டரைக்கு."

"ஏசித்தான் எழுதீப்பார். வாசிங்க, அதையும் கேப்பம்!"

மயூரி அதைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள். "அதுக்கு முதல் சேர், நீங்கள் சொல்லித் தந்து, எங்கட பக்கத்தால இவ்வளவு தரமும் போன பதிலை ஒருக்கா வாசிக்கிறன். 'நான் ஹஜ்ஜுக்குப் போகிறேன். தெரிந்தும் தெரியாமலும் உங்களுக்கு நான் செய்த பிழைகளை அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்யுங்கள். இப்படிக்கு மஷூர்.'"

மஷூர் மெல்லக் கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

"இனி அவர் எழுதினது," என்று மயூரி வாசித்தாள். "'தம்பி, ஒருக்காக் கேட்டிருந்தாலே செஞ்சிருப்பேன், நீ ராவு முழுக்கக் கேட்டுக்கொண்டே ஈக்கிறாய். மாப்புச் செஞ்சிட்டேன்டா, என்னையும் மாப்புச் செய். இனியாவது கேக்கிறத நிப்பாட்டு, எங்கட சேர்வரும் படுக்கப் போகுது.'"