தவிட்டுக்குருவிகள் சொன்னது

பறவைகளின் பேச்சைத் தமிழில் சொல்லும் பெட்டியைப் பிளாரன்ஸ் டீச்சர் மொட்டைமாடித் தோட்டத்தில் மாட்டிய அன்று, குடியிருப்பில் பாதிப்பேர் கேட்க வந்துவிட்டார்கள். தினமும் தன் கையால் சோறு வைக்கும் தவிட்டுக்குருவிகள் தன்னைப் பற்றி என்ன பேசுகின்றன என்று ஊருக்கே காட்டிவிட டீச்சருக்கு ஆசை.

முருங்கைக் கிளையில் குருவிகள் கூச்சலிட்டன. "பூனை! பூனை!" என்றது பெட்டி. கைப்பிடிச் சுவர்மேல் நிஜமாகவே ஒரு பூனை போனது. எல்லோரும் கைதட்டினார்கள்.

டீச்சர் சோற்றுத் தட்டோடு முன்னால் போனார். குருவிகள் இன்னும் உரக்கக் கத்தின.

"அவள் வருகிறாள்! குஞ்சுகளை மறையுங்கள்!"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"மெஷின் தப்பா சொல்லுது டீச்சர்," என்றாள் கீழ்வீட்டுச் செண்பகவல்லி. "போன மாசம் குஞ்சைக் கையில வச்சு போட்டோ அனுப்பினீங்களே, எவ்வளவு அழகா இருந்துச்சு!"

போட்டோவுக்காக அதைக் கூட்டிலிருந்து எடுத்ததும், திரும்ப வைக்கும்போது கை தவறிக் கீழே விழுந்து செத்ததும் டீச்சருக்கு மட்டுமே தெரியும். முகம் சுண்டிப்போய், தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மற்றவர்கள் அங்கேயேதான் நின்றிருந்தார்கள். பெட்டி சொன்னது கதவுக்குப் பின்னால் டீச்சருக்குத் தெளிவாகக் கேட்டது.

"போய்விட்டாள். இனிச் சாப்பிடலாம்."