மூன்று முழுக்கு

எண்ணெய் வழிந்த படியில் கால் வைத்ததுதான் முத்தையனுக்குத் தெரியும். அடுத்த நொடி திருநள்ளாற்றுக் குளத்துக்குள் கிடந்தான், புது வேட்டியோடு.

சனிக்கிழமை. ஊர்ப்பட்ட சனம் நல்லெண்ணெய் தேய்த்து முழுகுகிற நாள். படியெல்லாம் வழுக்கல். குளிக்கப் போன பயணிகளை வேனுக்குக் கூப்பிட வந்த டிரைவர் அவன்; வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டான்.

அட கொடுமையே! அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் அவன் குளித்து முடித்திருந்தான்.

அதுவும் சாதாரணக் குளியலா? யுத்தம் முடிந்து ஏலத்தில் எடுத்த ராணுவ வேன் அது. ஒன்பது நாளாக ஒன்பது பேர் அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, கோயில் கோயிலாகச் சுற்றுகிறார்கள். போகிற ஊரிலெல்லாம் குளிக்க இடம் தேடி அலைய முடியுமா? முத்தையன்தான் வழி கண்டுபிடித்தான். மண்ணெண்ணெய் டின் ஒன்றைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தான். அடியில் ஆணியால் பொடிப்பொடியாக ஓட்டை போட்டு, வேனின் பின்னேணியில் கட்டித் தொங்கவிட்டான். சுற்றிலும் ஒரு புடவை.

மூடியைத் திறந்தால் மழை. காற்றுப் புகாமல் இறுக்கித் திருகினால் நின்றுவிடும். சாவகாசமாகச் சோப்புப் போட்டுக்கொள்ளலாம். ஆளுக்கு அரை டின். முதல் இரண்டு நாள் எல்லார் மேலும் லேசாக மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அதனாலென்ன, கொசு அண்டவில்லை.

இன்றைக்கு மட்டும் முத்தையன் தனக்கு முழு டின் ஒதுக்கிக்கொண்டான். சீயக்காய் வேறு. மத்தியானம் அவன் தன் மகளை முதல்முதலாகப் பார்க்கப் போகிறான்.

பயணம் கிளம்பிய மறுநாளே பிறந்துவிட்டாள். மாமியார் காசியம்மா குரும்பகரத்திலிருந்து ஒரு பஸ் டிரைவர் மூலமாகச் சேதி சொல்லி அனுப்பியிருந்தாள். ‘பொம்பளப் புள்ள. ரோட்டுப் புழுதியோட வந்து தொட்டுடப் போறாரு. குளிச்சு முழுகிச் சுத்தமா வரச் சொல்லுங்க.’

காசியம்மாவுக்கு டிரைவர் என்றாலே கிரீஸ்தான். கல்யாணப் பந்தலிலேயே மாப்பிள்ளையின் நகத்தை உற்றுப் பார்த்தவள். அந்த வாயை அடைக்கத்தான் கும்பகோணத்தில் அந்த வேட்டியை வாங்கினான். கஞ்சி மொடமொடப்பும் இரண்டு விரல் கரையுமாக அதைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் ராஜா மாதிரி நின்றான்.

இப்போது தண்ணீரிலிருந்து எழுந்து வேட்டியைப் பிழியப் போனவனை லோகாம்பாள் பிடித்துக்கொண்டாள். வேன் கூட்டத்துக்கே அவள்தான் தலைவி.

“பிழியாத! அவுத்துத் தண்ணியில விட்டுட்டு வா. இந்தக் குளத்துல கட்டி முழுகுனதை வீட்டுக்குக் கொண்டுபோனா சனியும் கூடவே வரும். அதுவும் பச்சப்புள்ள இருக்குற வீட்டுக்கு!”

“நான் முழுகலைம்மா, விழுந்தேன்.”

“தலை நனைஞ்சுதா இல்லியா?”

நனைந்துதான் இருந்தது.

முத்தையனுக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் பிறந்து எட்டு நாள்தான் ஆன குழந்தை. நாளைக்கு ஒரு தும்மல் போட்டாலும் மனசு அந்த வேட்டியைத்தான் சொல்லும்.

லோகாம்பாள் நீட்டிய சிவப்புத் துண்டைச் சுற்றிக்கொண்டு, வேட்டியைத் தண்ணீரோடு விட்டான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றாள். அவன் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தது சேர்த்தியில்லை.

மறுபடி வேனடி, மறுபடி டின். எண்ணெய்ப் பிசுக்குப் போகிறவரை எல்லாரும் மாற்றி மாற்றித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். கல்யாண மாப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஒரே சிரிப்பு.

உடுத்துவதற்குத்தான் ஒன்றுமில்லை. ஏணியில் காய்ந்துகொண்டிருந்த பழைய வேட்டிதான் மிச்சம். ஒன்பது நாளும் டின்னடியில் அலசி அலசி, மறுபக்கம் தெரிகிற அளவுக்கு நைந்துபோனது. சுத்தம்தான். ஆனால் மகளை முதன்முதல் பார்க்கப் போகிற தகப்பன் கட்டுகிற வேட்டியா அது? அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. துண்டின் மேல் அதைச் சுற்றிக்கொண்டு காக்கிச் சட்டையை மாட்டினான்.

குரும்பகரத்தில் வேனை ரோட்டோரம் நிறுத்தி, எல்லாரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வரப்போடு ஓடினான்.

காசியம்மா வாசலிலேயே மறித்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். முகர்ந்து பார்க்காத குறைதான். பிறகு அவள் கண் வேட்டிக்கு இறங்கியது. தலைப்பை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்தாள்.

போச்சு, மானம் போச்சு என்று முத்தையன் கண்ணை மூடிக்கொண்டான்.

“அவுத்துக் குடுங்க மாப்ள.”

“அத்தே?”

“தீட்டுக் கழியற வரைக்கும் புள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. ஆம்பள இல்லாத வீடு, பழைய வேட்டிக்கு நான் எங்க போவேன்? எட்டு நாளா எம் பொடவையைக் கிழிச்சுக் கிழிச்சு, இனிமே எனக்கே கட்ட ஒண்ணுமில்ல. அடியே அமுதம், இங்க பாரு, என்னமா மெத்துனு இருக்கு!”

உள்ளே அவன் மனைவி அமுதம் சிரிப்பது கேட்டது. அவன் அவிழ்த்துக் கொடுத்த வேட்டியைக் காசியம்மா பல்லால் கடித்து, சரசரவென்று நாலாகக் கிழித்தாள். ஒரு துண்டில் குழந்தையைச் சுற்றி அவன் கையில் வைத்தாள். சின்ன மூக்கு. மூடின கை. அவ்வளவு சந்தோஷம் முத்தையனுக்கு அதுவரை வந்ததேயில்லை.

சிவப்புத் துண்டும் காக்கிச் சட்டையுமாக வரப்பில் திரும்பி வந்தவனைப் பார்த்து வேனே அதிர்ந்து சிரித்தது.

“இந்த வேட்டியை எந்தக் குளத்துலடா விட்ட?” என்று தலையை நீட்டிக் கேட்டாள் லோகாம்பாள்.

முத்தையன் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.

“எம் மவ கட்டியிருக்காம்மா.”