வாசல் ஏரி

"ஏரியை வாசல்லயே வச்சுக்கிட்டு, ஐஸ் வெட்ட ஆத்துக்கு எதுக்கு மாமா போகணும்?" என்று கேட்டான் நூர்குன்.

இன்னோகென்டி நீள ரம்பத்தை லாரியில் ஏற்றினார். லாரியில் ஏற்கெனவே ஊர் ஆண்கள் பலர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆத்துத் தண்ணிதான் டீக்கு ருசி" என்றார் கடைசியில்.

"உங்களுக்கு இடுப்பு வலின்னு அத்தை சொன்னாங்க. நானும் கூட வர்றேனே."

"வேண்டாம். விறகைப் பொளந்து அடுக்கு. பட்டணத்துக் கை, முதல்ல கோடாலி பிடிக்கப் பழகட்டும்."

லாரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நூர்குனும் சிரித்து வைத்தான். உள்ளுக்குள் சுருக்கென்றது.

அவருடைய மகள் சர்கிலானாவைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்கத்தான் அவன் யாகுட்ஸ்க் பட்டணத்திலிருந்து வந்திருந்தான். ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சனிக்கிழமைதான் லீவு. "நீ மெதுவா வா. அதுக்குள்ள உங்க அப்பாவை நான் கவுத்துடறேன்" என்று சவால் விட்டு முன்னதாகவே கிளம்பி வந்தவன். வந்த பிறகுதான் மனிதர் லேசில் கவிழ்கிற ஆள் இல்லை என்று தெரிந்தது. சர்கிலானாவும் வீட்டைப் பற்றி அதிகம் பேசியதில்லை. கேட்டால், "வந்து பாரு, தெரியும்" என்பாள்.

குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்கிற சமயம். வேலைக்கு மட்டும் பஞ்சமில்லை. நூர்குன் ஜன்னல் இடுக்குகளில் துணி அடைத்தான். மாட்டுக் கொட்டில் சுவருக்குச் சாணி பூசினான். தட்டுத் தட்டாக உறைய வைத்த பாலையும், விறைத்துப் போன மீன்களையும் கொட்டகையில் அடுக்கினான். ஒவ்வொன்றையும் வந்து பார்த்துவிட்டுக் கிழவர் ஒரு 'ம்' போடுவார். அவ்வளவுதான் அவன் கண்ட பாராட்டு.

இனி மிச்சம் குடிதண்ணீர்தான். வசந்தம் வரும்வரை குடிப்பதும் சமைப்பதும் ஐஸை உருக்கித்தான். அதுவும் வந்து சேர்ந்துவிட்டால் வீடு தயார். பிறகு கல்யாணப் பேச்சை எடுத்துவிடலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

விறகு வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. சர்கிலானாவின் அம்மா மத்ரியோனா, குளிர்காலக் கறிக்கு மாடு அடிக்கிற வேலைக்கு உதவியாகத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஏரி பளபளத்தது. அதில் ஒருவர் ரம்பம்கூடப் பட்டிருக்கவில்லை.

ஊரே டீக்கு ருசி பார்த்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடுகிறதாம், கொழுப்புதான் என்று நினைத்துக்கொண்டான். கொட்டகையில் பழைய ரம்பமும் கடப்பாரையும் இருந்தன. சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு ஏரியில் இறங்கினான்.

ஐஸ் நல்ல கனம். கையுறை விறைத்தது, மூச்சு மீசையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது, தோள் விட்டுப்போனது. ஆனாலும் விடவில்லை. அறுத்தான், நெம்பினான், இழுத்தான். வேலியோரம் பலகை போட்டு அவன் அடுக்கிய அடுக்கு அவனுடைய மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. கிழவர் இனி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு நடை போக வேண்டியதில்லை. இதற்கும் ஒரு 'ம்' என்றால் அவர் மனுஷனே இல்லை.

மத்ரியோனா திரும்பி வந்தாள். அடுக்கின் முன்னால் சற்று நேரம் நின்றாள்.

"முதல் லோடு அதுக்குள்ள வந்துடுச்சா?"

நூர்குன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு துண்டை உடைத்து உள்ளே கொண்டுபோய் உருக்கி, அவனே டீ போட்டான்.

அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்லக் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். பிறகு இன்னொன்று.

"டீ எப்படி அத்தை?"

"நல்லா இருக்குப்பா."

பொழுது சாயும்போது லாரி வந்து நின்றது. நூர்குன் தொப்பியைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினான்.

இன்னோகென்டி அடுக்கைப் பார்த்தபடியே இறங்கினார்.

"இது எங்க வெட்டினது?"

"வாசல் ஏரியிலதான் மாமா. நான் ஒருத்தனே."

அவர் கடப்பாரையை எடுத்து மேலே இருந்த கட்டியை நெம்பித் தள்ளினார். அது விழுந்து சுக்கு நூறானது. லாரியில் இருந்தவர்களில் ஒருவரும் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"திருப்பி ஏத்து. எல்லாத்தையும் எடுத்த இடத்துலயே கொண்டு போய்ப் போடு."

"மாமா, நல்ல சுத்தமான ஐஸ்..."

"அவ குடிச்சாளா?"

"ரெண்டு மூணு டீ குடிச்சாங்க. நல்லா இருக்குன்னுகூட சொன்னாங்க."

கிழவர் சறுக்கு வண்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கும் நான்தான், போடா சோம்பேறின்னு விரட்டினேன்" என்றார் தரையைப் பார்த்து.

நூர்குனுக்கு ஒன்றும் புரியவில்லை. சர்கிலானா கையை விட்டுப் போய்விட்டாள் என்பது மட்டும் புரிந்தது. அறிவுகெட்டவனே, சொன்ன விறகை வெட்டிவிட்டுச் சும்மா கிடந்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"தப்புன்னா மன்னிச்சுடுங்க மாமா. நாளைக்கே நான் ஆத்துக்குப் போறேன்."

"அவளுக்குத் தெரிய வேண்டாம். சத்தம் போடாம ஏத்து."

கதவு திறந்தது. மேல்கோட்டுகூடப் போடாமல், கையில் கோப்பையோடு மத்ரியோனா நின்றாள்.

"எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு. அதை உடைக்காதீங்க" என்றாள் கணவனிடம். "நாலு வருஷத்துக்கு முன்னால ஐஸ் வெட்டப் போன நம்ம பையனை இந்த ஏரி இன்னும் திருப்பிக் குடுக்கல. இப்படியாவது அவன் வீட்டுக்குள்ள வரட்டும்."