இருபதும் பதினாறும்

அவள் மூன்றாவது முறையாக வகுத்துப் பார்த்தாள்.

அதே விடைதான் வந்தது.

செல்போன் தண்ணீர் பாட்டிலில் சாய்ந்து நின்றது. திரையில் அவர் பேசிக்கொண்டிருந்தார். துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமைப் பதினொரு ஆண்டுகள் ஆடியவர். வயது முப்பத்திரண்டு. சுவரோரம் அசையாமல் காத்திருந்து சுடுவார் என்பதால் ரசிகர்கள் வைத்த பெயர் பல்லி. அவர் ஒருவனைச் சாய்க்கும்போதெல்லாம் லைவ் அரட்டையில், பல்லி கொட்டுவதுபோல, ‘உச்சு’ என்று எழுதுவார்கள்.

இன்று அவர் யாரையும் சுடவில்லை. ஆனாலும் உச்சு, உச்சு என்று அரட்டை ஓடிக்கொண்டிருந்தது.

“பழைய கேமை இன்னையோட மூடுதாங்க. நானும் இதோட நிறுத்திக்கிடுதேன்,” என்று சொல்லியிருந்தார். “புதுசுல எனக்கு வரலன்னு எல்லாரும் சொன்னிய. கேட்டுக்கிட்டேன்.”

அதற்கு மேல் காரணம் சொல்லவில்லை.

மாலை வகுப்பு தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. பக்கத்தில் இசக்கி முறுக்கைக் கடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, அழுதியா? அவன் என்ன ஒன் அத்த மவனா?”

அவள் நோட்டைத் திருப்பினாள்.

ஆறு ஆண்டுகளாக அவருடைய ஒவ்வொரு மேட்ச்சும் அந்த நோட்டில் இருக்கிறது. தேதி, எதிரணி, எத்தனை ரவுண்டு, சாய்த்த ஆட்களின் எண்ணிக்கையான கில். எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள்.

புது கேம் வந்து சில மாதங்கள் கழித்து, அதிலிருந்து ஓர் அட்டவணை எடுத்து ரசிகர் குழுவில் போட்டாள்.

பழைய கேமில் மேட்ச்சுக்குச் சராசரி இருபது கில்.

புதியதில் பதினாறு.

கருத்து எதுவும் எழுதவில்லை. கருத்து சொல்ல அவளுக்கு எப்போதும் பயம். எண் என்றால் தப்பாகாது.

கூட்டலை மட்டும் நான்கு முறை சரிபார்த்தாள்.

முப்பதாயிரம் பேர் அதைப் பகிர்ந்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அவர் லைவில் வந்தாலே ‘வாங்க பதினாறு’ என்றார்கள். ‘மாமா, பேரப் புள்ளைகளப் பாத்துக்கிட்டு வீட்ல இருங்க’ என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே ஆடினார். அப்படி மூன்று மாதம்.

அப்படி எழுதியவர்களின் பெயர்களெல்லாம் இப்போதும் அரட்டையில் இருந்தன.

‘போகாதீங்கண்ணே.’

‘புது கேம்தான் எங்க அண்ணன முடிச்சிருச்சு.’

‘ஒரே ஒரு மேட்ச்ணே. கடைசியா ஒண்ணு.’

அவளும் ஒன்று எழுத நினைத்திருந்தாள். மொத்தம் எத்தனை மேட்ச், எத்தனை ரவுண்டு, எத்தனை கில். அதற்காகத்தான் இன்று, முதல்முறையாக, ரவுண்டு என்ற கட்டத்தைக் கூட்டினாள்.

பழைய கேமில் மேட்ச்சுக்கு முப்பது ரவுண்டு.

புதியதில் இருபத்துநான்கு.

மேட்ச் சிறியதாகிவிட்டது. அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆடுகிறவர்கள், பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். அட்டவணை போட்ட அன்று அவளுக்குத் தோன்றவில்லை.

முப்பதுக்கு இருபது.

இருபத்துநான்குக்குப் பதினாறு.

ரவுண்டுக்கு 0.66. இரண்டும் ஒன்றுதான்.

“என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?”

அவள் நோட்டைக் காட்டினாள். இசக்கி விரல் வைத்துப் படித்தாள். முறுக்கு வாயிலேயே நின்றது.

“அப்போ அவன் கெழடாவவே இல்லியா?”

“இல்ல.”

திரையில் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஐந்து நிமிடம் என்றார்.

‘அந்த அட்டவணையில் ஒரு தப்பு இருக்கிறது’ என்று தட்டினாள்.

அழித்தாள்.

‘அண்ணே, அந்த அட்டவணையைப் போட்டது நான். தப்பாகப் போட்டுவிட்டேன். ரவுண்டால் வகுக்கவில்லை. வகுத்தால் நீங்கள் பழையபடியேதான் ஆடுகிறீர்கள். தயவுசெய்து போகாதீர்கள்.’

இசக்கி அவள் கையைப் பிடித்தாள்.

“வேண்டாம்ட்டி. நாப்பதாயிரம் பேரு பாத்துக்கிட்டு இருக்கான். ஒன்னக் கிழிச்சித் தொங்க விட்ருவானுவ.”

அனுப்பினாள்.

செய்தி உச்சுகளுக்குள் புதைந்து மேலே போனது. மறுபடி அனுப்பினாள். மறுபடியும்.

நான்காவது முறை அவர் கண்கள் ஓரிடத்தில் நின்றன. வாய்க்குள் படித்தார். பிறகு சத்தமாக, கடைசிச் சொல்வரை படித்தார்.

அரட்டை பொங்கியது. யாரது, யாரது என்று கேட்டார்கள். சிலர் திட்டத் தொடங்கியிருந்தார்கள். அவர் கையைத் தூக்கி அடக்கினார்.

“அந்தப் புள்ளைய விடுங்க. அது போட்ட அன்னைக்கே நான் வகுத்துப் பாத்துட்டேன்.”

ஹெட்செட் மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டார்.

“நானே சொன்னா சாக்கு சொல்லுதான்னு சொல்லுவிய. அதான் வாயத் தொறக்கல. இம்புட்டுப் பேரு இருக்கிய, ஒருத்தராவது வகுத்துப் பாப்பியன்னு மூணு மாசம் இருந்தேன். நேத்துதான் வெலகுதேன்னு டீமுக்கு எழுதிக் குடுத்தேன்.”

அரட்டை நின்றது.

நாற்பதாயிரம் பேர். ஒரு வரிகூட வரவில்லை.

சிக்னல் போய்விட்டதோ என்று அவள் செல்போனைக் கையில் எடுத்தாள். சிக்னல் இருந்தது.

அவர் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எழுந்து போனார். லைவை அணைக்கவில்லை. காலி நாற்காலி பாதி திரும்பி நின்றது.

யாரோ எழுதினார்: 0.66

கீழே இன்னொருவர்: 0.66

பிறகு, படிக்க முடியாத வேகத்தில், எல்லாரும்.