ஒரு மார்க் சம்மதம்

"ஒரு மார்க்கை வேணாம்னு சொல்ற அளவுக்கு நீ என்ன பெரிய ஜமீனா?"

பொருளாதாரப் பேராசிரியர் மேஜையைத் தட்டினார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கிராஃப்'. பஸ் டிக்கெட் கிடைத்தால்கூட அதன் முதுகில் ரெண்டு கோடு போட்டு ஒரு வளைவு வரைகிற ஆள்.

எதிரே அவருடைய மாணவி நின்றிருந்தாள்.

விஷயம் இதுதான். ரெண்டு ரெண்டு பேராகச் சேர்ந்து செய்த ஆய்வுக்குப் பத்து மார்க். அதை கிராஃப் பிரித்துக் கொடுக்க மாட்டார். ஜோடியில் ஒருவர் பங்கு சொல்ல வேண்டும். மற்றவர் சம்மதித்தால் அப்படியே போடுவார். மறுத்தால் ரெண்டு பேருக்கும் பூஜ்யம். பாடமும் ஆச்சு, மார்க்கும் ஆச்சு என்று அவருக்கு ஏகப் பெருமை.

இவளுடைய ஜோடிக்காரன் ஒன்பதைத் தனக்கு வைத்துக்கொண்டு ஒன்றை நீட்டினான். இவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு மார்க் வந்தா நீ பரீட்சை எழுதலாம். இல்லேன்னா ஒரு வருஷம் போச்சு. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன கேடு?"

"ஒரு வாரம் கடை கடையா ஏறி இறங்கி விலை கேட்டு எழுதினது நான் சார். அவன் அட்டை போட்டான். அதுலயும் அவன் பேரைத்தான் மேல எழுதினான்."

"அட்டை போட்டானோ, ஆணி அடிச்சானோ! கணக்கைப் பாரும்மா. பூஜ்யம் பெரிசா, ஒண்ணு பெரிசா?"

"ஒண்ணுதான் சார்."

"லாபம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் புத்தியுள்ளவன் அதை உதற மாட்டான். படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நம்ம பாடத்துல ரோஷத்துக்கு எங்கயாவது இடம் இருக்கா?"

"இல்ல சார். ஆனா நான் பார்த்த கடைக்காரங்க எல்லாருக்கும் அது இருந்துச்சு."

கிராஃப் தலையில் அடித்துக்கொண்டார். நல்ல பெண், வீணாகப் போகிறதே என்ற ஆற்றாமை அவருக்கு. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார்.

"நாளைக்குப் பட்டியல் போயிடும். 'கிடைச்சது போதும், சம்மதம்'னு ஒரு வரி எழுது. நான் பார்த்துக்கறேன்."

அவள் பேனாவைத் தொடுவதற்குள் போன் அடித்தது. துறைத்தலைவர்.

"சொல்லுங்க சார்! நம்ம பாடப் புத்தகம் அச்சுக்குப் போகுதா? ரொம்ப சந்தோஷம்."

முகத்தில் வந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"என்னது, அட்டையில உங்க பேரு மட்டுமா? பன்னெண்டு அத்தியாயத்துல பதினொண்ணு நான் எழுதினது சார்! நீங்க எழுதின ஒண்ணையும் நான்தான் திருத்தினேன்!"

எழுந்தே நின்றுவிட்டார்.

"நன்றி சொல்ற பக்கத்துலயா? டைப் அடிச்சவருக்குக் கீழயா? நல்லா இருக்கு சார் நியாயம். ஊரான் வீட்டு நெய்யே, பொண்டாட்டி கையே!"

மறுமுனை ஏதோ சமாதானம் சொன்னது.

"ஒண்ணுமே இல்லாததுக்கு இது தேவலையா? பதவி உயர்வுக்கு உதவுமா? உங்க நன்றியும் வேணாம், பதவி உயர்வும் வேணாம். என் அத்தியாயம் ஒண்ணுகூடத் தரமாட்டேன். புத்தகமே வராட்டி வராம போகட்டும். மனுஷனுக்கு மானம்னு ஒண்ணு இருக்கு சார்!"

போனை வைத்தார். மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தார். அப்புறம்தான் அந்தப் பெண் இன்னும் அங்கேயே நிற்பது ஞாபகம் வந்தது.

அவள் அந்த வெள்ளைத் தாளை மேஜையின் நடுவுக்கு நகர்த்தினாள். பேனாவை அதன் மேல் வைத்தாள்.

"சார், 'சம்மதம்'னு முதல்ல யார் எழுதறது? நானா, நீங்களா?"