இரண்டாவது தட்டு

“எத்தனை ஆயிரம் வெள்ளி கொடுத்தாலும் அந்தத் தட்டு கிடையாதுலா! வந்த வழியே போயிடு.”

கிள்ளானில் தன் வீட்டு இரும்புக் கதவைத் திறக்காமலேயே சொன்னார் கன்னையா. வெளியே ராதாகிருஷ்ணன் ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

“ஒரே ஒரு தடவை அதைப் போடுங்கண்ணே. அது போதும்.”

இருவரும் பேசி இருபத்தெட்டு வருஷமாகிவிட்டது. அப்போது செந்தூலில் ஒரு பழைய சாமான் கடைக்கு இரண்டு கிராமபோன் இசைத்தட்டுகள் வந்திருந்தன. அமுதவள்ளி என்ற பாடகி 1936இல் பாடிய விருத்தம். நீளமானது என்பதால் இரண்டு தட்டுகளில் பதிந்திருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள். இழுபறியில் முதல் தட்டு கன்னையாவிடம் வந்தது, இரண்டாவது ராதாகிருஷ்ணனிடம் போனது. எங்கெங்கோ தேடியும் இன்னொரு பிரதி இருவருக்கும் கிடைக்கவில்லை. ஒருவர் தட்டை மற்றவருக்குக் கேட்கக்கூடக் கொடுத்ததில்லை.

“விலை பேசத்தானே வந்திருக்க?”

ராதாகிருஷ்ணன் பையைத் திறந்து காட்டினார். உள்ளே பழுப்பேறிய காகித உறைக்குள் இரண்டாவது தட்டு!

கன்னையாவின் கை தானாகப் பூட்டைத் திறந்தது.

“காப்பியா, தேத்தண்ணியாண்ணே?” கூடத்தில் உட்கார்ந்தவரின் பின்னாலிருந்து கேட்டாள் கன்னையாவின் மனைவி குமுதா. ராதாகிருஷ்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“திமிர் இன்னும் குறையல பாரு” என்று முணுமுணுத்தார் கன்னையா.

கிராமபோனில் புது ஊசி மாற்றி, சாவி கொடுத்து, முதல் தட்டைச் சுழலவிட்டார். கரகரப்புக்குள்ளிருந்து அந்தக் குரல் எழுந்தது. முருகனிடம் ஒரு பெண் வழக்காடுகிறாள். தட்டைத் திருப்பிப் போட்டதும் குரல் இன்னும் ஏறியது. உச்சியில், ஒரு கேள்வியில், தட்டு முடிந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷமாகக் கன்னையா அந்தக் கேள்வியோடுதான் எழுந்து போவார்.

ராதாகிருஷ்ணன் தன் தட்டை எடுத்து வைத்து, ஊசியை இறக்கினார்.

அதே உச்சியிலிருந்து, அதே மூச்சின் மீதியைப் போல, குரல் தொடர்ந்தது. கேள்வி கேட்டவளே பதிலும் சொல்லிக்கொண்டு படிப்படியாக இறங்கி வந்தாள். கன்னையாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கைகள் தாமாகக் குவிந்தன. அடுக்களை வாசலில் நின்ற குமுதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசி வரியில் பாட்டா, அழுகையா என்று தெரியாத ஒரு குழைவு. பிறகு கரகரப்பு மட்டும்.

ராதாகிருஷ்ணன் தட்டைப் பார்க்கவேயில்லை. கன்னையாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெய்வம்டா அவ!” கன்னையா கண்ணைத் துடைத்தார். “இதைப் போயி ரெண்டு துண்டா வச்சிருந்தோமே, நாமெல்லாம் மனுஷனுங்களா? ராதா, ரெண்டும் உன்கிட்டயே இருக்கட்டும். வீட்ல முழுசா போட்டுக் கேளு.”

முதல் தட்டை உறையிலிட்டு அவர் பைக்குள் வைத்தார். ராதாகிருஷ்ணன் மெல்ல அதை வெளியே எடுத்தார். தன் தட்டையும் அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துக் கன்னையாவின் கையில் கொடுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

“எப்படி இருந்துச்சுன்னு இதுல எழுதிக் காட்டுங்கண்ணே. போன வருஷம் வந்த காய்ச்சல்ல எனக்கு ரெண்டு காதும் போயிடுச்சு. நம்மள்ல ஒருத்தராவது முழுசா கேக்கணும்னுதான் கொண்டு வந்தேன்.”